கூந்தற் பணியும் குடியுரிமையும்: அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

உழைப்பின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் ஆலையையும் சுரங்கத்தையும் பெருந்தோட்டத்தையுமே நாடிச் செல்கின்றனர். வேலைநிறுத்தமும் தொழிற்சங்கமும் தோன்றிய களங்கள் அவை என்பதால் அது இயல்பே. ஆயின், ஒரு கதிரை, ஒரு நிலைக்கண்ணாடி, அடுப்பிற் காய்ந்துகொண்டிருக்கும் ஓர் இரும்புச் சீப்பு ஆகியவற்றையன்றி வேறு மூலதனம் இல்லாத ஓர் அறையிலும் வரலாறு உருவாகக்கூடும் என்பதை அவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அழகுக்கலை என்ற சொல்லே பலருக்கு ஆடம்பரத்தைத்தான் நினைவூட்டுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த குடியுரிமைப் போராட்டத்தை நோக்குமிடத்து, இவ்வலட்சியம் எத்துணை தவறானது என்பது புலனாகும். ஆசிரியர்களும் சில வேளைகளிற் போதகர்களுங்கூட வாய்திறக்க அஞ்சிய ஊர்களில், கூந்தல் அலங்கரிக்கும் பெண்கள் துணிந்து பேசினர். அத்துணிவு அவர்தம் குணவிசேடத்தால் மட்டும் விளைந்ததன்று. அவர்கள் யாருடைய தலையைத் தொட்டு உழைத்தனர், யாருடைய கையிலிருந்து கூலி பெற்றனர் என்பதிலேயே அதன் வேர் உள்ளது.

அடிமை முறை நிலவிய காலத்தில் முடி திருத்துதல், சவரஞ் செய்தல், கூந்தல் அலங்கரித்தல் ஆகியன எசமானரின் உடலுக்குச் செய்யும் பணிவிடைகளின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டன. ஹெயிற்றியில் அடிமையாகப் பிறந்த பியர் தூசான் என்பவர் 1787இல் எசமானருடன் நியூயோர்க் நகருக்கு வந்து சிகையலங்காரம் கற்றார். செல்வக் குடும்பப் பெண்களின் இல்லங்களுக்குச் சென்று தாம் ஈட்டிய பணத்தைக் கொண்டு, வறுமையுற்ற தம் எசமானியையே அவர் காத்துவந்தார். 1807இலேயே அவருக்கு விடுதலை கிடைத்தது. சின்சினாட்டி நகரின் எலைசா பொட்டர் என்ற சுதந்திரப் பெண், தம் கைபட்ட சீமாட்டிகளின் வீட்டு இரகசியங்களை 1859இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். வெள்ளையரின் அந்தரங்க அறைவரை செல்லும் உரிமை இத்தகையோருக்கு இருந்தது. ஆனால் அவ்வறையின் கதவைத் திறப்பதும் அடைப்பதும் அவர்கள் கையில் இருக்கவில்லை.

அடிமை ஒழிப்பின் பின்னரும் ஆண்களிடையே இந்நிலை தொடர்ந்தது. தென்மாநிலங்களில் மிகச் சிறந்த முடிதிருத்தகங்கள் பல கறுப்பினத்தவருக்கே சொந்தமாயிருந்தன. எனினும் அவை வெள்ளையருக்கு மட்டுமே சேவை செய்தன. 1858இல் அடிமையாகப் பிறந்த அலொன்சோ ஹேர்ண்டன், அட்லாண்டா நகரில் அத்தகைய சலூன்களை நடத்திப் பெருஞ்செல்வரானார். 1905இல் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கும் அடிகோலினார். மறு ஆண்டு செப்டெம்பரில் அந்நகரில் வெள்ளையர் கலகம் மூண்டபோது அவரது சலூனும் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அண்மையிலிருந்த வேறொரு சலூனிலே கறுப்பின நாவிதர் கொல்லப்பட்டனர். 1926இல், கறுப்பின நாவிதர் வெள்ளையினப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முடிவெட்டலாகாது எனத் தடைவிதிக்க அட்லாண்டா நகரசபை முற்பட்டது. செல்வம் எவ்வளவு சேரினும், வாடிக்கையாளரின் தயவிலே தங்கிய தொழில் அது. ஹேர்ண்டன் தம் இனத்தவருக்காகச் செலவிட்டவர். அதிற் குறைகாண இடமில்லை. ஆயினும் அவரது கதிரையில் அவருடைய சொந்தச் சகோதரன் வந்து அமர முடியாதிருந்தது என்பதை வரலாறு மறத்தலாகாது. (யாழ்ப்பாணத்துச் சலூன்களில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு முடிவெட்ட மறுக்கப்பட்ட காலத்தை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.)

கறுப்பினப் பெண்களின் கதை வேறு திசையிற் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களுக்குத் திறந்திருந்த வேலைகள் மிகச் சில. பருத்தி வயல், வெள்ளையர் வீட்டு அடுக்களை, சலவைத் தொட்டி ஆகிய இம்மூன்றுக்கும் அப்பால் ஆசிரியத் தொழில் ஒரு சிறு தொகையினருக்கே வாய்த்தது. இந்த மூன்றிலும் உழன்ற ஒருத்திதான் சாரா பிறீட்லவ் என்பவர். 1867 டிசம்பரில், லூயிசியானா மாநிலத்தின் டெல்ற்றா என்ற ஊரில் பிறந்த அவர், தம் குடும்பத்திற் சுதந்திரப் பிரசையாகப் பிறந்த முதற் பிள்ளையாவார். 7 வயதிற் பெற்றோரை இழந்தார். 14 வயதில் மணம். 20 வயதில் கைம்மை. கைக்குழந்தையுடன் சென்ற் லூயிஸ் நகருக்குச் சென்று ஏறத்தாழ 18 ஆண்டுகள் பிறர் துணி வெளுத்தார். அங்கே அவரது சகோதரர்கள் நாவிதர்களாகத் தொழில் செய்துவந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

குழாய்நீர் வசதியற்ற வறிய குடியிருப்புகளில் தலை முழுகுவது அரிதாகவே இருந்தது. பொடுகும் தலைத்தோல் நோயும் முடி உதிர்வும் அப்பெண்களிடையே பெருவழக்காயின. சாராவும் அந்நோயால் வருந்தியவரே. ஆகவே இத்தொழிலின் தொடக்கம் ஒப்பனையன்று, பிணிதீர்த்தல் எனலாம். கந்தகங் கலந்த களிம்பு, அடிக்கடி தலை கழுவுதல், தலைத்தோலைத் தேய்த்துவிடுதல் ஆகியனவே அன்றைய சிகிச்சை முறையின் சாரம். அனி டேர்ன்போ மலோன் என்ற பெண்மணி 'போரோ' என்ற பெயரில் இத்தகைய பொருள்களை வீடு வீடாக விற்றுவந்தார். அவருடைய முகவராகப் பணிசெய்த சாரா, 1905இல் டென்வர் நகருக்குப் பெயர்ந்தார். மறு ஆண்டு சாள்ஸ் ஜோசப் வோக்கர் என்பவரை மணந்து, 'மடம் சி. ஜே. வோக்கர்' என்ற பெயரிலே தனியாக வியாபாரந் தொடங்கினார். 1908இல் பிட்ஸ்பேர்க்கில் ஒரு பயிற்சிக் கல்லூரி. 1910இல் இந்தியானாபொலிஸில் தலைமையகம், பின்னர் தொழிற்சாலை.

வோக்கரைப் பற்றி எழுதுவோர் அவருடைய செல்வத்தையும் மாளிகையையும் வியந்துரைத்து நின்றுவிடுகின்றனர். உண்மையில் அவரது சாதனை களிம்பு விற்றதில் இல்லை. பல்லாயிரம் பெண்களுக்கு ஒரு கைத்தொழிலையும், அத்தொழிலுக்கு ஒரு பெயரையும் தந்ததிலேயே அது உள்ளது. தம்மிடம் பயின்றோரைச் சிகைப் பராமரிப்புக் கலைஞர் என்றே அவர் அழைத்தார். முடியை நேராக்குபவர் என்று தம்மைக் குறிப்பிடுவதை அவர் விரும்பவில்லை. வயலிலும் அடுக்களையிலும் 'பெண்ணே' என்று வெறுமனே விளிக்கப்பட்டவள், பயிற்சி முடித்துச் சான்றிதழைச் சுவரில் மாட்டியதும் 'மடம்' ஆனாள். தென்மாநில வெள்ளையர் எந்தக் கறுப்பினப் பெண்ணையும் மரியாதைச் சொல்லால் விளிக்காத காலம் அது.

கறுப்பினத் தலைவர்கள் இதனை உடனே மதித்தார்கள் என்று கொள்வதற்கில்லை. 1912இல், கறுப்பின வணிகர் கழகத்தின் மாநாடு சிக்காகோவில் நடைபெற்றபோது, அதன் தலைவர் புக்கர் வாஷிங்டன் வோக்கருக்குப் பேச இடமளிக்கவில்லை. ஒருவர் அவருக்காகப் பரிந்துரைத்தும் பயனில்லை. இறுதி நாளன்று வோக்கர் தாமே எழுந்து நின்று, பருத்தி வயலிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து அடுக்களைக்கும், பின்னர் தம் சொந்த முயற்சியால் ஒரு தொழிற்சாலைக்கும் வந்த தம் வரலாற்றைச் சபைக்கு எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு மாநாட்டுக்கு அவர் பேச்சாளராகவே அழைக்கப்பட்டார்.

1917 இத்துறையின் வரலாற்றில் முக்கியமான ஆண்டாகும். அவ்வாண்டு ஜூலையில் கிழக்கு சென்ற் லூயிஸ் நகரில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைக் கொன்று குவித்தன. ஜூலை 28இல் நியூயோர்க்கின் ஐந்தாம் வீதியில் ஏறத்தாழ 10,000 பேர் பறையொலி மட்டும் கேட்க, ஒரு வார்த்தையும் பேசாது ஊர்வலஞ் சென்றனர். சில நாள்களின் பின் வெள்ளை மாளிகைக்கு மனுக்கொண்டு சென்ற தூதுக்குழுவில் வோக்கரும் இருந்தார். சனாதிபதி வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை. அதே கோடையின் இறுதியில் வோக்கரின் முகவர்கள் 200க்கும் மேற்பட்டோர் பிலடெல்பியாவிற் கூடினர். அதிக விற்பனைக்கு மட்டுமன்றி, தத்தம் ஊரில் அதிக அறப்பணி செய்தோருக்கும் அங்கு பரிசு வழங்கப்பட்டது. சட்டத்துக்குப் புறம்பாகக் கும்பல் மனிதரைக் கொல்லுங் கொடுமையை ஒழிக்கச் சட்டமியற்றுமாறு சனாதிபதிக்கு அனுப்பிய தந்தியே அம்மாநாட்டின் இறுதி நிகழ்ச்சி. கூந்தற் களிம்பு விற்போரின் கூட்டம் ஒன்று அரசியற் கோரிக்கையுடன் முடிந்தது தற்செயலன்று. பின்வந்த அரை நூற்றாண்டுக்கு அது ஒரு முன்மாதிரியாயிற்று. 1919 மே 25இல் மறைவதற்குச் சற்று முன்னர், அதே கொடுமைக்கெதிரான நிதிக்கு வோக்கர் 5,000 டொலர் உறுதியளித்தார்.

மலோனின் பணியும் இதற்குக் குறைந்ததன்று. 1918இல் சென்ற் லூயிஸில் அவர் திறந்த போரோ கல்லூரியில் வகுப்பறைகளோடு மண்டபமும் உணவுச்சாலையும் தங்குமிடமும் இருந்தன. பிற மண்டபங்களும் விடுதிகளும் கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்த நகரில், சங்கங்கள் கூடுவதற்கு அஃது ஒரு புகலிடமாயிற்று.

இங்கு ஒரு தடையை எதிர்கொள்ளாது செல்லுதல் நேர்மையன்று. சுருண்ட முடியைச் சூட்டுச் சீப்பால் நேராக்குவது, வெள்ளையரின் அழகிலக்கணத்துக்கு அடிபணிவதன்றோ? இவ்வினாவை முதலில் எழுப்பியவர்கள் கறுப்பினப் பெண்களே. நானி ஹெலன் பறோஸ் என்ற கல்வியாளர் 1904இலேயே இத்தகைய ஒப்பனைகளைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. அழகுப் பொருள் விளம்பரங்கள் பலவும் தாழ்வுணர்ச்சியையே விலைப்படுத்தின என்பதை மறுக்கவியலாது. ஆனால் விற்கப்பட்ட பொருளை மட்டும் நோக்கி, அதனைச் சூழ்ந்து உருவான உறவுகளை நோக்காதுவிடுவது அரைகுறை ஆய்வாகும். முடியை நேராக்கும் முறையையே சற்று ஆராய்வோம். முதலில் தலையைக் கழுவி உலர்த்த வேண்டும். பின்பு களிம்பு பூசி, அடுப்பிற் காய்ச்சிய சீப்பைச் சிறு சிறு பிரிவாக அடியிலிருந்து நுனிவரை இழுக்க வேண்டும். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஈரம் பட்டால் முடி மீண்டும் சுருண்டுவிடும். ஆதலால் வாடிக்கைக்காரி இரண்டொரு வாரத்துள் மறுபடி வந்தேயாக வேண்டும். அந்நிலையத்தில் ஆண்கள் இல்லை. வெள்ளையர் எவரும் நுழைவதில்லை. ஒரே ஊரின் அதே பெண்கள், தவணை தவறாது, மணிக்கணக்காக அமர்ந்து பேசும் இடம் தேவாலயத்தை விட்டால் வேறெது? தேவாலயத்திலுங்கூடப் பேசுபவர் பெரும்பாலும் ஆண்தான்.

அத்தொழில் இலாபமீட்டியது சிலருக்கே. மார்ஜரி ஜோய்னர் என்பவர் 1928இல் கூந்தலை நிலையாகச் சுருட்டும் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வோக்கர் நிறுவன ஊழியராதலால் உரிமை நிறுவனத்துக்கே சென்றது. அவருக்கு அதனாற் பயனில்லை. வர்க்க உறவு நிறத்தைப் பார்த்து நின்றுவிடுவதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று. சாதாரணப் பெண்கள் தம் வீட்டு அடுக்களையிலேயே கதிரை போட்டு, நாள் முழுவதும் நின்றபடி, கை சுட்டுப் புண்பட, உழைத்தனர். வாடிக்கைக்காரியின் சம்பள நாளே இவளுக்கும் சம்பள நாள். ஆயினும் அந்தச் சிறுகாசு கறுப்பினத்தவளின் கையிலிருந்தே வந்தது. 1950களில் இவ்வொரு செய்தியே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

1954இல், பாடசாலைகளில் இன ஒதுக்கல் சட்டவிரோதமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில், மிசிசிப்பி மாநிலத்தின் இண்டியனோலா நகரில் வெள்ளையர் மன்றங்கள் தோன்றின. அவற்றின் தலையாய ஆயுதம் பட்டினியே. 1955இல் அம்மாநிலத்தின் யாசூ நகரிலே, பாடசாலைகளை ஒன்றிணைக்கக் கோரி 53 கறுப்பினத்தவர் மனுவிற் கையொப்பமிட்டனர். மன்றத்தினர் அவர்களுடைய பெயர்களைப் பத்திரிகையில் வெளியிட்டனர். வேலை பறிபோயிற்று, கடையிற் கடன் நின்றது, மொத்த வியாபாரி சரக்கு அனுப்ப மறுத்தான். ஏறத்தாழ எல்லோரும் பெயரை விலக்கிக்கொண்டனர். தென் கரோலினா 1956இல், நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தில் அங்கத்துவம் வகிப்போர் அரச பணியில் இருக்கலாகாது எனச் சட்டஞ் செய்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கற்பித்த செப்ரிமா கிளார்க், சங்கத்தை விட்டு விலக மறுத்தமையால் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தார். அந்த ஓய்வூதியம் அவருக்குக் கிடைக்க 1976 ஆயிற்று. படித்த நடுத்தர வர்க்கம் ஏன் தயங்கிற்று என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வேலை இழந்த கிளார்க்கைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது, டெனசி மாநில மலைப்பகுதியில் 1932இல் நிறுவப்பட்ட ஹைலாண்டர் மக்கள் பாடசாலை. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் உண்ட மிகச் சில இடங்களுள் அதுவும் ஒன்று. றோசா பார்க்ஸ் 1955 டிசம்பரில் பேருந்தில் ஆசனத்தை விட்டெழ மறுப்பதற்குச் சில மாதங்கள் முன்னர் அங்கு வந்து சென்றிருந்தார். தென் கரோலினாக் கரையோரத்தின் ஜோன்ஸ் தீவைச் சேர்ந்த ஈசோ ஜென்கின்ஸ் என்பவர் அப்பாடசாலையிடம் ஒரு வேண்டுகோளை முன்வைத்தார். வாக்காளராகப் பதிவதற்கு மாநில அரசியல் யாப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. தீவு மக்களிற் பலருக்கு எழுத்தறிவில்லை. தம் பேருந்திற் செல்லும் பயணிகளுக்கு அவர் வழிநெடுக யாப்பைச் சொல்லிக் கொடுத்துவந்தார். முறையான ஒரு வகுப்பு வேண்டும் என்பதே அவரது கோரிக்கை.

இடம் கிடைத்தது. கடன்பட்டு வாங்கிய ஒரு கட்டடத்தில், முன்புறம் கூட்டுறவுக் கடை, பின்புறம் வகுப்பு. ஆசிரியர் யார்? பயிற்றப்பட்ட ஆசிரியரை நியமித்தால் அவர் வேலை போகும். அதைவிட, வளர்ந்தோரைச் சிறுபிள்ளைகளாக நடத்திவிடுவார் என்ற அச்சமும் இருந்தது. தெரிவு செய்யப்பட்டவர் பேர்னிஸ் றொபின்சன். கிளார்க்கின் உறவினரான அவர் 1914இல் சாள்ஸ்ரனிற் பிறந்து, நியூயோர்க்கிலே தையல் வேலையும் அழகுக்கலையும் பயின்று, 1947இற் பெற்றோரைப் பராமரிக்க ஊர் திரும்பியிருந்தார். கூந்தல் அலங்கரிப்பதே அவரது சீவனம். தாம் ஆசிரியையல்லர் என்று சொல்லி மறுத்தார். அதுவே அவருக்குத் தகுதியென்று பதில் கிடைத்தது. 1957 ஜனவரி 7இல், 14 மாணாக்கருடன் வகுப்பு ஆரம்பமாயிற்று. சிறுவருக்கான வாசிப்புப் புத்தகங்கள் பயன்படா என அவர் முதலிலேயே உணர்ந்தார். நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், வேதாகமம் வாசிக்க வேண்டும், காசுக்கட்டளைப் படிவம் நிரப்ப வேண்டும் என்றனர். பாடத்திட்டம் அவ்வாறே அமைந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி, வகுப்பு முடியுமுன் இதனை எல்லோரும் வாசிக்க வேண்டும் என்றார். வாடிக்கைக்காரி என்ன கேட்கிறாள் என்று செவிசாய்த்து அதற்கேற்பக் கைவைக்கும் பழக்கமே இங்கு கற்பித்தல் முறையாயிற்று என்பது எமது கருத்து. அம்மாணாக்கருட் பலர் வாக்காளராகப் பதிவு பெற்றனர். அயல் தீவுகளிலும் வகுப்புகள் எழுந்தன.

ஹைலாண்டர் அமைப்பாளர் மைல்ஸ் ஹோட்டன் இதிலிருந்து ஒரு பாடத்தைக் கற்றார். அழகுக்கலைப் பெண்களை ஆராய்ந்து தேர்ந்தெடுத்து, அவர்களுக்கெனவே பயிற்சிப் பட்டறைகளை நடத்தினார். பிற வெள்ளையர் சிலர் இதனை ஒப்பனைப் பயிற்சி என எண்ணி நகைத்தனராம். அவரோ, அவர்கள் வெள்ளையரிடம் கூலி பெறாதவர்கள், ஊரில் மதிப்புடையவர்கள், கூடிப்பேச ஓர் இடம் உடையவர்கள் என்ற மூன்றையுமே கணக்கிட்டார். றொபின்சனும் பிற்காலத்தில் இதனையே நினைவுகூர்ந்தார்: தம்மை வேலைநீக்கஞ் செய்வார் எவருமில்லை, உலர்த்தியின் கீழ் ஒருத்தியை அமர்த்திவிட்டு, வாக்காளர் பதிவுக்கு இன்னொருவரை அழைத்துச் செல்லத் தம்மால் இயன்றது என்று. 1961இல் டெனசி அரசு ஹைலாண்டரின் அனுமதிப் பத்திரத்தை இரத்துச் செய்தது. அதற்குள் குடியுரிமைப் பாடசாலைகள் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டுத் தெற்கெங்கும் பரவலாயின. மிசிசிப்பியின் கிளாக்ஸ்டேல் நகரில் வீரா பிஜீ என்பவரின் அழகுக்கலை நிலையமே வகுப்பறையாகவும், தேசிய சங்கத்தின் கூடுமிடமாகவும் விளங்கியது.

இச்சுதந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தொழில் உரிமத்தை வழங்குவது மாநில அரசே. சுகாதாரப் பரிசோதகர் எந்நேரமும் கதவைத் தட்டலாம். கல்லெறிக்கும் குண்டுவீச்சுக்கும் அவர்கள் விலக்கானவர்களும் அல்லர். ஏனையோரிலும் சிறிது கூடுதலாக மூச்சுவிட இடமிருந்தது, அவ்வளவே.

1965இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறி எழுத்தறிவுச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. அதே பத்தாண்டின் இறுதியில் இளம் பெண்கள் சூட்டுச் சீப்பை விட்டொழித்து, இயற்கையான சுருள்முடியை விடுதலையின் அடையாளமாக வளர்க்கத் தொடங்கினர். எந்தப் பெண்களின் கதிரைகளைச் சுற்றி அவ்வியக்கம் வளர்ந்ததோ, அவர்களுடைய வருவாயையே அது பாதித்தது. தம் புதல்வியரின் தலையைக் கண்டு பலர் மனம் புழுங்கினர். சிலர் புதிய முறையில் வெட்டவும் பின்னவும் கற்றுக்கொண்டனர். றொபின்சன் 1972இல் தென் கரோலினாச் சட்டசபைக்குப் போட்டியிட்டார். அம்மாநிலத்தில் அப்பதவிக்குப் போட்டியிட்ட முதற் கறுப்பினப் பெண்மணிகளுள் அவர் ஒருவர். தேர்தலில் அவர் வெற்றிபெறவில்லை.